சீழ்க்கைச் சிங்காரத்துக்கு ஏற்ற ஆள்

எங்கள் டைம் ஆபீஸ் ஜன்னல் வடக்குப் பார்த்தது. மார்கழியில் அந்த வழியாக வரும் காற்று நேராகக் கழுத்தில்தான் அடிக்கும். பதினேழு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நேற்று உட்கார்ந்த உடனேயே நாற்காலியைச் சற்று இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டீர்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் கிடையாது. பெயர் கோதண்டராமன், வயது நாற்பத்தாறு, டைம் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, வீடு ராபர்ட்சன்பேட்டை. கல்யாணம் ஆகவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் வெளியூர் என்பதால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தங்கச் சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொரு ஆளும் ஷிப்டுக்கு முன்னால் ஜன்னலில் வந்து தன் நம்பரைச் சொல்லி ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு கேஜில், அதாவது ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டில் ஏறுவான். மேலே வந்ததும் அதைத் திருப்பித் தருவான். டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான் வேலை. மற்றதெல்லாம் காகிதம்.

ஜன்னல் சின்னது. ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரியும். படக்கதைப் புத்தகத்தில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்களே, அதுபோல. இதை வைத்து நானும் சிரிலும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். சிரில் எனக்கு அடுத்த மேஜைக் குமாஸ்தா. வருகிற முகத்தைப் பார்த்து, இவன் ராஜா, இவன் மந்திரி, இவன் திருடன், இவன் திருடனிடம் அடி வாங்குகிறவன் என்று வேஷம் கொடுப்பது. சிரில் சிரிப்பதற்காக விளையாடினான். நான் அப்படி இல்லை. ஒரு முகத்துக்கு ஒரு வேஷம்தான் சரி என்று எனக்குத் தோன்றும். தவறான வேஷத்தில் யாராவது திரிந்தால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

‘வைரவேல்’ என்று மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு இரண்டு பிரதிதான் வரும். ஒன்று எனக்கு. இன்னொன்றை வாங்கியது யாரென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தலை நரைத்தவன் பொம்மைப் புத்தகம் படிக்கிறானே என்று சிரில் கிண்டல் செய்வான், பிறகு இரவல் கேட்பான். வைரவேல் துப்பறிகிறவன். எல்லாக் கதாநாயகர்களையும் போல மார்பு அகலம், பேச்சு அதிகம். அவனுக்குப் பெரிய எதிரி செம்பருந்து. அட்டைப்படம் எல்லாம் அவனுக்குத்தான். சீழ்க்கைச் சிங்காரம் என்று ஒருவன் பதினோராவது இதழிலும் பதினாலாவது இதழிலும் மட்டும் வந்தான். மொத்தம் முப்பத்திரண்டு கட்டம். ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம், சாம்பல் நிறக் கோட்டு. அவன் யாரையும் அடிக்க மாட்டான், கத்த மாட்டான். அவன் வருவதற்கு முன்னால் அவன் மூச்சு வரும், நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கையாக. அதைக் கேட்டதும் எதிராளிக்குக் கை கால் ஓடாது. பதினாலாவது இதழில் அவனை ஒரு அணைக்கட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது எனக்கு அநியாயமாகப் பட்டது. என் வாழ்நாளில் அநியாயம் என்று நான் மனசறிந்து நினைத்தது அது ஒன்றைத்தான்.

அறுபத்தெட்டில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். வைரவேல் சினிமாவாக வந்தால் எந்த வேஷத்துக்கு யார் பொருத்தம்? அடுத்த மூன்று மாதமும் வாசகர் கடிதங்களில் அதே பேச்சுதான். மதுரைக்காரர் ஒருவரைச் சொல்வார், சேலத்துக்காரர் அவரைத் திட்டி வேறொருவரைச் சொல்வார். எல்லாம் வைரவேலுக்கும் செம்பருந்துக்கும்தான். சிங்காரத்துக்கு ஒருவரும் ஆள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

சாம்ராஜ் எங்கள் சுரங்கத்தில் மிஷின்மேன். பாறையில் துளை போடுகிற மிஷினைப் பிடிக்கிறவன். கேம்ப் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் போடும் நாடகங்களில் நடிப்பான், எப்போதும் நல்லவனாக. பெண்ணைப் பெற்ற தகப்பன், குடும்பத்துக்காக உழைக்கிற அண்ணன், கிறிஸ்மஸ் வந்தால் சூசையப்பர். ஒரு நாடகத்தில் அவன் மகளை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இமைக்கவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. மனுஷன் கண்ணில் எவ்வளவு அன்பு பார் என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கு அங்கே சிங்காரம்தான் தெரிந்தான். இத்தனை வருஷம் இவனுக்குத் தப்பான வேஷத்தையே கொடுத்துவந்திருக்கிறார்கள் என்று வருத்தமாக இருந்தது.

என் கடிதத்தை இரண்டு வரியில் போட்டார்கள். கீழே ‘ஆளின் படம் அனுப்பவும்’ என்று ஆசிரியர் குறிப்பு. டோக்கன் வாங்க வந்தபோது சாம்ராஜிடம் காட்டினேன்.

“இன்னா சார், நல்லா கீற மனுஷன வில்லனாக்கிட்டீங்க,” என்று சிரித்தான். “வூட்ல பசங்க பாத்தா பயந்துடும். எனக்கு இந்த வேஷம் வேணாங்க.”

ஆனாலும் நான் கூப்பிட்ட மரியாதைக்கு ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டான். படம் சரியில்லை. கண் இருந்தது, நிற்கிற தினுசு இருந்தது. கன்னம் உப்பலாக, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு சாப்பிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். அதை நான் அனுப்பவில்லை. மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். தினமும் ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பேன்.

அறுபத்தொன்பது ஜூலையில் மிஷின்மேன்களுக்கெல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். பாறைத்தூசி நுரையீரலில் படிகிறதா என்று பார்ப்பதற்கு. மூன்று வாரம் கழித்துச் சாம்ராஜின் லெட்டர் வந்தது. இரண்டு பிரதி, ஒன்று ஆளுக்கு, ஒன்று ஆபீசுக்கு. தூசி படிய ஆரம்பித்திருக்கிறது, இவரை உடனே கீழ் வேலையிலிருந்து எடுத்து மேலே வேலை கொடுக்க வேண்டும் என்று இங்கிலீஷில் நாலு வரி. இந்த லெட்டரைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மேலே வந்தால் கூலி குறையும். அதனால் இதை மறைத்துவிடுங்கள் என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. ஒருவர் கோழி கொண்டுவந்தார். ஒருவர் காலில் விழுந்தார். நான் யாருக்கும் மறைத்ததில்லை. விதி என்றால் விதிதான். என் நேர்மையைப் பற்றி நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

சாம்ராஜ் மறைக்கச் சொல்லவில்லை. அவன் லெட்டருக்காகக் காத்திருந்தான்.

மேலே போகிற ஆட்களுக்குச் சதை பிடித்துவிடுகிறது. மரக்கிடங்கில் ஆறு மாதம் வெயிலில் நின்றால் போதும், முகம் தெளிந்து கன்னம் உப்பிவிடும். ஜன்னலில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அடுத்த மே மாதம் கேம்ப்களுக்குள் நாடகப் போட்டி இருந்தது. சிங்காரத்தை வைத்து நானே ஒரு நாடகம் எழுதி முடித்திருந்தேன். இடையில் இருப்பது பத்து மாதம். ஒரு மனிதனுக்குப் பத்து மாதம் பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். இரண்டு பிரதியையும் பதினோராவது இதழுக்குள் செருகி டிராயரில் வைத்தேன்.

அன்று சாயங்காலமே ஷிப்டு முடிந்து டோக்கன் கொடுக்க வந்தவன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“கோதண்டம் சார், எக்ஸ்ரே லெட்டரு வந்துச்சுங்களா?”

“இன்னும் வரலையே சாம்ராஜ்.”

“எங்கப்பாவுக்கு இந்த நோவுதான் சார். செவுத்தப் புடிச்சிக்கினே ஒக்காந்திருப்பாரு, படுக்க முடியாது. அந்த மூச்சு சத்தத்தக் கேட்டுக்கினேதான் நாங்க வளந்தோம். எனக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒரு நாள் கூட கீழ எறங்க மாட்டேன்.”

“வந்தா நானே சொல்லி அனுப்பறேன்.”

பின்னால் வரிசை நின்றது. அவன் இரண்டு அடி போய்த் திரும்பி வந்தான். “அந்த டிராமா வேஷம் வேற யாருக்கனா குடுத்துட்டீங்களா சார்?”

“இல்லையே.”

“நான் கட்டறேன் சார்.”

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் முன்னால் என் நாடகத்தின் கதையைச் சுருக்கமாக அவனிடம் சொல்லி, சிங்காரம் வேஷம் கட்டச் சொல்லிக் கேட்டிருந்தேன். அது உள்ளே போய் வேலை செய்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். சிரிலிடம் சொன்னபோது அவன் டோக்கன்களை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த லெட்டர் விஷயம் தெரியாது. அவனை இதில் இழுக்க வேண்டாம்.

ஞாயிறு தோறும் காலையில் கிளப் ஹாலில் ஒத்திகை. சாம்ராஜ் ஒரு நாள் தவறவில்லை. வந்ததும் முதலில் லெட்டர் வந்ததா என்று கேட்பான், அப்புறம் வசனத்தைச் சொல்ல ஆரம்பிப்பான். சில நடிகர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் இல்லையா, அப்படி ஒரு பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக, இல்லை, இன்னும் வரவில்லை என்று பதில் சொன்னேன். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

ஆரம்பத்தில் சீழ்க்கையை உதட்டைக் குவித்து அடித்தான். மாடு மேய்க்கிறவன் போல இருந்தது. நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்று எத்தனை முறை சொல்லியும் வரவில்லை. கார்த்திகையில் தானாக வந்தது. வசனத்துக்கு நடுவே மூச்சு இழுக்கும்போது மெல்லிசாக, கதவிடுக்கில் காற்று நுழைவது போல. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். “கேட்டுச்சா சார்?” என்றான். ரொம்ப நன்றாக இருந்தது, அப்படியே வைத்துக்கொள் என்றேன்.

ஜனவரியில் ஒரு சிக்கல் வந்தது. அவன் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுக் குடியாத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. மூச்சும் பாதி தெளிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பழைய சூசையப்பர் மாதிரி நின்றான். எனக்கு மிகவும் மனக்கஷ்டம். அதே வாரம் கீழே ஒரு லெவலில் காற்று மந்தமாக வருகிற முனை ஒன்றுக்கு மிஷின்மேன் தேவைப்பட்டது. தூசி கண்ணை மறைக்கிற இடம், யாரும் போக இஷ்டப்பட மாட்டார்கள். யாரைப் போடலாம் என்று கீழ் வேலையை மேற்பார்க்கிற கேப்டன் என்னிடம் கேட்டார். ஆள் பலம் என் நோட்டில்தானே இருக்கிறது. நான் சாம்ராஜின் நம்பரைச் சொன்னேன். லெட்டர் விஷயத்தில் நான் செய்தது ஒன்றுமில்லை, ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். நானாகச் செய்தது என்று சொன்னால் இந்த நம்பரைச் சொன்னதுதான். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஒரு விஷயத்தை எழுதினால் முழுசாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மாசிக்குள் கன்னம் ஒட்டிவிட்டது. மறுபடியும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். நான் அவசரப்படுத்தவில்லை. இந்த முறை படம் பிரமாதமாக வந்தது. பதினோராவது இதழின் ஏழாம் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றைக்கே பத்திரிகைக்கு அனுப்பினேன்.

மே மாதப் போட்டியைப் பற்றி உங்களிடம் பலரும் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் திரைக்கயிற்றருகே நின்றிருந்தேன், எனக்குத்தான் சரியாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். ஹால் கொள்ளாத கூட்டம், எல்லாம் சுரங்கத்துக் குடும்பங்கள். மேடைக்கு மேலே மைக் தொங்கியது. சிங்காரம் வருவதற்கு முன்னால் அவன் மூச்சு மட்டும் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். சாம்ராஜ் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு மைக்கை அவன் நெஞ்சருகே பிடித்தேன். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் போனதும் ஹாலில் இருந்த சலசலப்பு அடங்கியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பென்ஷன்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். பெண்கள் பக்கம் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வில்லன் மேடைக்கு வருமுன்பே ஊரே நடுங்கிவிட்டது. பெரிய பெரிய நடிகர்களுக்குக்கூட இது வாய்த்திருக்காது.

கடைசிக் காட்சியில் சிங்காரம் வசனம் பேசிவிட்டு விழ வேண்டும். சாம்ராஜ் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேடை நடுவில் தரையில் உட்கார்ந்தான். கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். தலைக்கு மேலே மைக். ஹால் முழுக்க அந்த மூச்சுதான் கேட்டது. சிரில் ஓடி வந்து திரையை இழுக்கக் கயிற்றைப் பிடித்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும். என் வாழ்க்கையில் அந்த இரண்டு நிமிஷம் போல் நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. சாம்பியன் ரீப்ஸ் கேம்ப்காரர்கள் போட்ட சிரிப்பு நாடகத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். நடுவர்களுக்கு ரசனை கிடையாது.

நாடகம் முடிந்ததும் லெட்டரைக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். எடுத்துப் பார்த்தால் தேதி போன வருஷத்துத் தேதி. இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று கேள்வி வரும். எப்படியும் அடுத்த எக்ஸ்ரேயில் புது லெட்டர் வரும், அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆபீஸ் வேலையில் இப்படிச் செய்வது சகஜம்.

ஆகஸ்டில் அவனைக் கேஜில் படுக்க வைத்து மேலே கொண்டுவந்தார்கள். டோக்கனை வேறொருவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். நான் வாங்கி ஆணியில் மாட்டினேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். செய்தி வந்தபோது மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன், எழுதி முடித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கியது, ராத்திரி தூக்கம் வந்தது. இதைச் சொன்னதும் நீங்கள் நேற்று பேனாவைக் கீழே வைத்தீர்கள். துக்கம் வந்ததாகப் பொய் எழுத எனக்குத் தெரியவில்லை.

அதே மாதம் பத்திரிகையிலிருந்து ஒரு கார்டு வந்தது. ‘தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. சிங்காரம் என்பது எந்தக் கதையில் வரும் பாத்திரம் என்று தெரிவிக்கவும்.’ ஆசிரியருக்கே நினைவில்லை. இதழ் எண்ணையும் பக்க எண்ணையும் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. புத்தகமே நின்றுவிட்டது என்று கடைக்காரர் சொன்னார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். போன வருஷமே இவரை மேலே எடுக்கச் சொல்லி எழுதியிருந்தேனே என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஆபீஸில் தேடினார்கள். என் டிராயரைத் திறக்கச் சொன்னபோது நானே திறந்துவிட்டேன். பூட்டியிருக்கவும் இல்லை.

லெட்டர் கிடைத்த மறுநாள் சாம்ராஜின் மனைவி லூயிசா ஜன்னலுக்கு வந்தாள். எழுத்து தெரியாத பெண்பிள்ளை. யாரோ பிரதி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்துச் சொல்லும்படி என்னிடமே நீட்டினாள். படித்துத் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

“தேதி இன்னா போட்டுகிது சார்?”

சொன்னேன். அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். குரலை உயர்த்தவில்லை.

“அவருக்கு அந்த வேஷம் புடிக்கவே இல்ல சார். அப்பன் செத்த சத்தத்தப் போயி மேடையில காட்டணுமான்னு அழுதாரு. கோதண்டம் சார் மனசு வெச்சா லெட்டரு சீக்கிரம் வரும், அவரு சொல்றபடி நடிச்சிட்டா மேல எடுத்துடுவாருன்னு சொல்லித்தான் ஞாயித்துக்கெழமையில பூசைய கூட வுட்டுட்டு வந்தாரு.”

பிறகு காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே, சாம்ராஜின் லெட்டர் பிரதி இரண்டையும் பதினாலு மாதத்துக்கு மேல் மறைத்து வைத்தது நான்தான். தூசி முனைக்கு அவன் நம்பரைச் சொன்னதும் நான்தான். அவன் அதனால்தான் செத்தான் என்று டாக்டர் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாள் சொன்னதை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துக்கத்தில் ஏதோ பேசிவிட்டாள். நான் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும்: ஒரு லெட்டருக்காக யாராலும் அப்படி நடிக்க முடியாது.